இன்வெர்ட்டரில் இருக்கும் வோல்டேஜ் எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள்

சோலார் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பேட்டரி நிற்கமாட்டேன் என்கிறது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பேனலில் குறை இருக்காது. இன்வெர்ட்டர் செட்டிங்கில்தான் பெட்டியைப் பிரித்தபோது இருந்த எண்கள் அப்படியே கிடக்கும்.

150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் வகை) இரண்டைச் சீரியலாகப் போட்ட 24 வோல்ட் வீட்டை வைத்தே சொல்கிறேன். 12 வோல்ட் என்றால் எண்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், 48 என்றால் இரட்டிப்பாக்குங்கள்.

பல இன்வெர்ட்டர்களில் கட்-ஆஃப், அதாவது பேட்டரியிலிருந்து எடுப்பதை அடியோடு நிறுத்தும் அளவு, 21 வோல்ட். ஒரு பேட்டரிக்கு 10.5. அந்த அளவில் டியூபுலரில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. தினமும் அதுவரை இறக்கினால் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு பேக்கப் சுருங்கிக்கொண்டே போகும். அன்றாடத்துக்குப் பார்க்க வேண்டியது 'பேக் டு கிரிட்' எண். எந்த வோல்டேஜுக்கு இறங்கியதும் ஈபி கரண்டுக்கு மாற வேண்டும் என்பது அது. ராத்திரியில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் ஓடும் வீட்டுக்கு நான் 24-ஐ ஒட்டி வைக்கிறேன். ஏறக்குறைய பாதி சார்ஜ் மிஞ்சும்.

இதற்கு ஜோடி, மறுபடி பேட்டரிக்குத் திரும்பும் எண். தொல்லை அதிகம் இங்கேதான். ஒரு வீட்டில் 23-இல் ஈபிக்கு மாறி, 24-இல் திரும்பும்படி வைத்திருந்தார்கள். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரி 23-ஐத் தொடும், ஈபிக்குப் போகும். லோடு விலகியதும் சில நிமிடங்களில் வோல்டேஜ் தானாக 24-க்கு ஏறும். சார்ஜ் ஒன்றும் ஏறவில்லை, இழுப்பு நின்றதால் வந்த ஏற்றம் அது. இன்வெர்ட்டருக்கு அது தெரியுமா? மறுபடி பேட்டரிக்குத் தள்ளும். விடிய விடிய ரிலே டக்டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. திரும்பும் எண்ணை 27 ஆக்கியதும் அடங்கியது. வெயில் வந்து பேனல் ஏற்றினால் ஒழிய 27 வராது.

சார்ஜிங் பக்கம் டியூபுலருக்கு பல்க் (சார்ஜ் ஏற்றும்போது போகும் உச்சம்) 28.8, ஃப்ளோட் (நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் அளவு) 27 முதல் 27.6 வரை என்பது பொதுவான அளவு. பேட்டரி லேபிளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. இந்த எண்கள் 25 டிகிரிக்கானவை. மொட்டைமாடிப் படிக்கட்டு அறையில் மே மாதம் 40 டிகிரி இருக்கும்போது அரை வோல்ட்டாவது குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மளமளவென்று குறையும். தண்ணீர் குறையக் கூடாதென்று வருடம் முழுக்க 27.6-லேயே ஓட்டுபவர்களும் உண்டு. அது பேட்டரியை அரைப்பட்டினி போடுவது.

அப்புறம் லித்தியம். பழைய பேட்டரியைக் கழற்றி லித்தியம் மாட்டுகிறார்கள், செட்டிங்கைத் தொடுவதில்லை. 21 வோல்ட் வரை இறங்கவிட்டால் அதற்குள்ளேயே பி.எம்.எஸ். (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) பேட்டரியைத் துண்டித்துவிடலாம். பேட்டரி வோல்டேஜ் வராமல் சில இன்வெர்ட்டர்கள் சார்ஜே தொடங்காது. கட்-ஆஃபை 24-க்கு ஏற்றுங்கள், ஈக்வலைசேஷனை (லெட்-ஆசிட்டுக்காக அவ்வப்போது வோல்டேஜைக் கூட்டி ஏற்றும் வசதி) கட்டாயம் அணைத்துவிடுங்கள். வோல்டேஜை வைத்து எத்தனை சதவீதம் என்று கணிக்கவும் வேண்டாம். முக்கால்வாசி சார்ஜுக்கும் கால்வாசிக்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய அரை வோல்ட்தான்.

48 வோல்ட் லித்தியம் வாங்குவோர் 15 செல்லா, 16 செல்லா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டுமே '48 வோல்ட்' என்றுதான் விற்கும். 16 செல்லுக்கு 56.8 வரை ஏற்றலாம். 15 செல் பேக்குக்கு 54.75-தான் உச்சம்.