இறந்த ஆண்டு காட்டிக்கொடுத்த பொய்

காலித் பின் மஃதான் சிரியாவின் ஹிம்ஸ் நகரத்து அறிஞர். அவரிடம் நேரில் கேட்டு எழுதியதாகச் சொல்லி ஈராக்கில் ஒருவர் நபிமொழிகளை அறிவித்துக்கொண்டிருந்தார். ஹிம்ஸைச் சேர்ந்த இஸ்மாயீல் பின் அய்யாஷ் அந்த அறிவிப்பாளரிடம் போய், எந்த ஆண்டு எழுதினீர் என்று மட்டும் கேட்டார். இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரியில் 113 என்றார் அவர். காலித் இறந்தது 106இல். செத்து ஏழு ஆண்டு கழித்தா உமக்குச் சொன்னார் என்று மடக்கினார் இஸ்மாயீல்.

தொடக்ககால இஸ்லாமிய வரலாற்று நூல்களில் பெரும்பாலும் செய்திக்கு முன்னால் அறிவிப்பாளர் வரிசை வரும். அரபியில் இஸ்னாத். நான்கைந்து பெயர்கள் இருக்கும். ஆனால் அடுத்தடுத்த இரு பெயர்களுக்கு நடுவிலுள்ள கண்ணிதான் முதலில் அறுந்துபோகிற இடம். ஆசிரியர் இறந்தபோது மாணவருக்கு என்ன வயது? ஒருவர் ஊருக்கு மற்றவர் போனாரா? இதைப் பார்க்க ஆள்விவரத் தொகுப்புகள் வேண்டும். ஹிஜ்ரி 230இல் இறந்த இப்னு ஸஅத், தம் 'தபகாத்' நூலில் மதீனா, மக்கா, கூஃபா, பஸ்ரா என்று ஊர்வாரியாக, அதற்குள் தலைமுறைவாரியாக ஆட்களை அடுக்கியிருப்பது இந்தத் தேடலுக்கு அவ்வளவு தோது. பிறந்த ஆண்டு பல பதிவுகளில் இருக்காது. இறந்த ஆண்டும் வயதும் கிடைத்தால் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். ஹிஜ்ரி ஆண்டுக்குச் சுமார் 354 நாள் என்பதை மறந்து கிறிஸ்தவ ஆண்டோடு கலந்தால், 33 ஆண்டுக்கு ஓராண்டு பிசகும்.

சொல்லையும் கவனிக்க வேண்டும். 'ஹத்தஸனா' என்றால் 'எங்களுக்குச் சொன்னார்', நேரில் கேட்டது. 'அன்' என்றால் வெறும் 'இன்னாரிடமிருந்து'. நடுவில் ஒருவரை விழுங்கியிருக்கலாம். நபி வரலாற்றைத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் மீது இந்தப் புகார் உண்டு. அவர் 'அன்' போட்ட இடத்தில் விமர்சகர்கள் தயங்குவார்கள்.

நேர்மையானவரிடமும் பழுது வரும். எகிப்தின் நீதிபதி இப்னு லஹீஆவின் ஏடுகள் எரிந்துபோனதாகவும், அதன்பின் அவர் அறிவித்தவற்றில் குழப்பம் புகுந்ததாகவும் சொல்வார்கள். அதனால் அவரிடம் யார், எப்போது கேட்டார் என்று பார்ப்பார்கள். அப்துல்லாஹ் பின் முபாரக் போல முன்பே கேட்டவர் வழியாக வந்தால் மதிப்பு கூடும்.

தேதிச் சோதனைக்கும் ஓட்டை உண்டு. காலித் இறந்தது 103, 104, 108 என்றும் பதிவுகள் இருக்கின்றன. எதை எடுத்தாலும் 113 என்றவர் தப்ப முடியாது. 105 என்று சொல்லியிருந்தால் ஆண்டைக் கொண்டு அவரைப் பிடிப்பது கடினம்; காலிதின் மற்ற மாணவர்கள் சொன்னவற்றோடு வரிவரியாக ஒப்பிட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும்.