பூட்டை அழிப்பதற்கு முன் ஒரு போன் செய்யுங்கள்

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் முதல் ஜிஎஸ்டியின் புதிய விகிதங்கள் நடைமுறைக்கு வருகின்றன. 28 சதவீதத்தில் இருந்த வாகன உதிரிபாகங்களுக்கு இனி 18. திருவொற்றியூரில் உள்ள ஒரு உதிரிபாக விநியோக நிறுவனத்தின் எஸ்ஏபியில் (கணக்கு, சரக்கு, பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்) புது விகிதத்தை ஏற்ற மாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். திரையைத் திறந்ததும் கீழே சிவப்பாக ஒரு வரி: இந்தத் தரவை இன்ன பயனர் பூட்டியிருக்கிறார்.

"சார், அந்த லாக்கை டெலிட் பண்ணிடுங்க. காலையில ஆறு மணிக்கு லோடு ஏத்தணும்" என்றார் குடோன் மேனேஜர். அவர் அவசரம் நியாயமானது. வண்டி கொஞ்சம் தாமதமாகக் கிளம்பினாலும் எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். பழைய விகிதத்தோடு இ-இன்வாய்ஸ் (அரசின் தளத்தில் பதிவாகும் மின் பில்) போய்விட்டால் அதை ரத்து செய்ய 24 மணி நேரம்தான் உண்டு. அதற்கப்புறம் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஆனாலும் நான் அழிக்கவில்லை. அதற்கான காரணத்தை எஸ்ஏபியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பூட்டு டேட்டாபேஸில் இருப்பதில்லை. 'யார் எதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்' என்று, பூட்டுகளை நிர்வகிக்கும் என்கியூ சர்வர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் ஒரு பட்டியல்தான் அது. பூட்டுகளைக் காட்டும் எஸ்எம்12 திரையில் நாம் ஒரு வரியை அழித்தால் அந்தக் குறிப்பு மட்டும்தான் போகும். பூட்டியவரின் திரை அப்படியே திறந்திருக்கும். நான் புது விகிதத்தை ஏற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். திங்கள் காலை அவர் வந்து, பாதியில் விட்ட திரையில் சேமிக்கும் பட்டனை அழுத்துவார். சிஸ்டம் அவரைத் தடுக்காது. என் பதிவின் மேல் அவருடையது ஏறிவிடும். யாருக்கும் எந்த எச்சரிக்கையும் வராது.

அதனால் முதலில் எஸ்எம்12-ல் பூட்டு விழுந்த நேரத்தைப் பார்த்தேன். மதியம் 2.40. உள்ளே இருக்கும் பயனர்களைக் காட்டும் எஸ்எம்04-ல் அந்தப் பயனரின் இணைப்பு இன்னும் உயிரோடு இருந்தது. கணக்குப் பிரிவு அக்காவுக்கு போன் செய்தேன். "ஐயோ தம்பி, நாற்பது ஐட்டத்துக்கு ரேட் மாத்திட்டு இருந்தேன். வீட்ல இருந்து போன் வந்துச்சு, மானிட்டரை மட்டும் ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பிட்டேன்" என்றார். தண்டையார்பேட்டையில்தான் வீடு. அரை மணி நேரத்தில் வந்து, தான் மாற்றியதைச் சரிபார்த்துச் சேமித்துவிட்டு வெளியே வந்தார். பூட்டு தானாகவே போனது. மீதியை இருவரும் சேர்ந்தே முடித்தோம்.

எப்போதுமே ஆள் கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். லேப்டாப்பை மூடியதாலோ விபிஎன் அறுந்ததாலோ இணைப்பு செத்து, பூட்டு மட்டும் மிஞ்சி நிற்பதும் உண்டு. அப்படிப்பட்ட பூட்டை அழிக்கலாம். ஆனால் பயனரின் இணைப்பு எந்த சர்வரிலும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான். எஸ்எம்13-ஐயும் திறந்து, அவர் பெயரில் முடியாத அப்டேட் (சேமித்ததை டேட்டாபேஸில் எழுதும் வேலை) ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். எஸ்எம்12-ல் நீல நிறத்தில் தெரியும் பூட்டுகள் அப்டேட்டுக்குக் கைமாறியவை. அந்தத் தரவு இன்னும் எழுதி முடியவில்லை என்று அர்த்தம். அவற்றை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். மணலியில் ஒரு கிடங்கில் மாதக் கடைசியில் யாரோ எல்லாப் பூட்டுகளையும் மொத்தமாகத் தேர்வு செய்து அழித்துவிட்டார்கள். சிஸ்டம் காட்டிய இருப்பும் தரையில் இருந்த பீப்பாய்களும் ஒத்துப்போக இரண்டு நாள் எண்ண வேண்டியிருந்தது.

இதே போலத் தோன்றும் வேறு இரண்டு தடைகளும் உண்டு. 'இந்த கிளையன்டில் (சிஸ்டத்துக்குள் இருக்கும் தனிப் பிரிவு) மாற்றம் செய்ய அனுமதி இல்லை' என்று வந்தால் அது பிழையே இல்லை. புரொடக்‌ஷனை (அன்றாட வேலை நடக்கும் சிஸ்டத்தை) வேண்டுமென்றே மூடி வைத்திருக்கிறார்கள். கிளையன்ட் அமைப்புகளை மாற்றும் எஸ்சிசி4-ல் போய் 'அஞ்சு நிமிஷம்' திறந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். டெவலப்மெண்ட் என்ற தனி சிஸ்டத்தில் மாற்றி, சோதித்து, டிரான்ஸ்போர்ட்டில் (மாற்றங்களை ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் முறை) கொண்டுவருவதுதான் வழி. இன்னொன்று, ஒரு புரோகிராம் வேறொருவரின் டிரான்ஸ்போர்ட் ரிக்வெஸ்டில் (அப்படி அனுப்ப வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) சிக்கியிருப்பது. இதை எஸ்எம்12-ல் தேடினால் கிடைக்காது. அந்த ரிக்வெஸ்டை ரிலீஸ் செய்ய வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரிடம் ஐடி கார்டை வாங்கும்போதே திறந்து கிடக்கும் ரிக்வெஸ்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.

சும்மா கிடக்கும் இணைப்பைத் தானாக வெளியேற்ற ஒரு அளவுரு இருக்கிறது. ஆர்டிஸ்ப் என்று தொடங்கும், ஜியுஐ ஆட்டோ லாக்அவுட் என்று முடியும். நான் போன பல இடங்களில் அது சுழியமாகவே இருக்கிறது. சுழியம் என்றால் ஒருபோதும் வெளியேற்றாது. அதை மாற்றும் முன் ஊழியர்களிடம் சொல்லுங்கள், ஏனென்றால் சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும். திருவொற்றியூர் நிறுவனத்தில் இப்போது அதை ஒரு மணி நேரத்துக்கு வைத்திருக்கிறோம். நொடிக் கணக்கில் 3600. அக்காவின் மானிட்டரில், கிளம்பும் முன் எஸ்ஏபியிலிருந்து வெளியேறச் சொல்லி ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அவரே எழுதி ஒட்டியது.