வேலை எதுவென்று தெரியாமல் நேவியில் சேர்ந்த பிள்ளை

போன வருடம் ஓர் அம்மா என் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்து ஒரு போட்டோ காட்டினார். மகனின் உள்ளங்கை. விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிற பெயிண்ட் தூள், கட்டைவிரலுக்குக் கீழே உடைந்த கொப்புளம். "பத்தொன்பது வயசு மேடம். கம்ப்யூட்டர் படிப்பான்னு நெனச்சோம். கப்பல்ல பெயிண்ட் சுரண்டிக்கிட்டு இருக்கான்" என்றார். அப்பா பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தார். ஆனால் அவர்கள் என்னைத் தேடி வந்தது பெயிண்டுக்காக இல்லை. ஐந்து வாரமாக மகன் போனை எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் 'ஓகே' மட்டும் வருகிறது.

நான் வர்ஜீனியாவில், நார்ஃபோக் கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில், குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். நேவி குடும்பங்களைத் தினமும் பார்க்கிறேன். அதில் தமிழ்க் குடும்பங்கள் வரும்போது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "என்ன வேலைன்னு கூட சொல்லாம சேர்த்துக்கிட்டாங்களே, ஏமாத்திட்டாங்களா?" (இங்கே சொல்லும் குடும்பத்தின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அமெரிக்க நேவியில் வேலைப் பிரிவுக்கு 'ரேட்டிங்' என்று பெயர், பேச்சில் ரேட். பெரும்பாலோர் ஒப்பந்தத்திலேயே ரேட்டை எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். சிலர் அது இல்லாமல் சேர்கிறார்கள். அவர்களைத்தான் 'அன்டெசிக்னேட்டட்' என்பார்கள், காகிதத்தில் 'பேக்ட்' என்று இருக்கும். சீமேன், ஏர்மேன், ஃபயர்மேன் என மூன்று பாதைகள். கப்பலின் மேல்தள வேலை, விமானம் சார்ந்த வேலை, இன்ஜின் பக்கத்து வேலை என்று புரிந்துகொள்ளலாம். இல்லினாய் மாநிலம் கிரேட் லேக்ஸில் பூட் கேம்ப் என்ற அடிப்படைப் பயிற்சி, அப்புறம் சில வாரப் பயிற்சி, பிறகு நேராகக் கப்பலுக்கோ ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்கோ அனுப்பிவிடுவார்கள். ரேட்டை அங்கே போய்த் தேடிக்கொள்ள வேண்டும்.

பிள்ளை மக்கு என்பதால் இப்படி ஆனது என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். படையில் சேர எழுதும் ஆஸ்வாப் என்ற தகுதித் தேர்வில் மதிப்பெண் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தாலும் பல ரேட்டுகள் கிடைக்காது. பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் ரேட்டுகள் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டுமே, கிரீன் கார்டில் இருப்பவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். கேட்ட ரேட்டுக்கு அன்றைக்கு இடம் இல்லாமல், காத்திருக்கப் பொறுமையும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் உண்டு. போட்டோ காட்டிய அம்மாவின் மகன் இந்தக் கடைசி ரகம்.

உங்கள் பிள்ளை இன்னும் கிளம்பவில்லை என்றால், உங்களுக்கு நேரம் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து பூட் கேம்புக்குப் போகும் நாள்வரை 'டிஇபி' என்ற காத்திருப்புக் காலம், இது ஒரு வருடம் வரைகூடப் போகலாம். அதற்குள் வேறு ரேட்டில் இடம் வந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வேண்டாம் என்று தோன்றினால், கிளம்பும் முன் எழுதிக் கொடுத்துவிட்டு விலகலாம், அதற்குத் தண்டனை கிடையாது. ஒப்பந்தத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். முதல்முறை சேரும் எவருக்கும் மொத்தக் கடமை 8 வருடம். அதில் முழுநேரப் பணி எத்தனை வருடம், ரிசர்வில் எத்தனை வருடம் என்று பாருங்கள். "கப்பலுக்குப் போனதும் ஆறே மாசத்துல நீ கேட்ட ரேட் கிடைச்சிரும்" என்று ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டர் வாயால் சொன்னது காகிதத்தில் இல்லையென்றால் அது இல்லை, அவ்வளவுதான். 17 வயதுப் பிள்ளைக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். 18 ஆகிவிட்டால் முடிவு பிள்ளையுடையது. அதை மறந்து வீட்டில் போர் தொடுத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை கோபத்தோடு கிளம்பிப் போனதுதான் மிச்சம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ கார்டு பெறத் தகுதி இல்லை. ஏற்கெனவே கார்டு வைத்திருக்கும் பிள்ளை சேர்வதற்கு முன்பே தூதரகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

சரி, அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன். மகனுக்குக் கடைசியாக அனுப்பிய பத்து மெசேஜ்களைச் சத்தமாகப் படிக்கும்படி அப்பாவிடம் கேட்டேன். 'ரேட் என்னாச்சு?' 'ஆஃபீசர்கிட்ட பேசினியா?' 'உன்கூடப் படிச்ச பையனுக்கு இன்டர்ன்ஷிப் கிடைச்சிருச்சாம்.' 'எத்தனை நாள் பெயிண்ட் அடிக்கப் போற?' நான்காவதோடு நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேற்கொண்டு படிக்கவில்லை. நானும் படிக்கச் சொல்லவில்லை.

அந்தப் பெயிண்ட் வேலை என்னவென்று அவர்களுக்குச் சொன்னேன். கடல் உப்பு ஓயாமல் இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். துருப்பிடித்த இடத்தை நீடில் கன் என்ற கருவியால் இரும்பு தெரியும்வரை அடித்து எடுக்க வேண்டும். காற்றழுத்தத்தில் ஓடும் அதன் முனையில் ஊசிக்கற்றை படபடவென்று அடிக்கும், ராத்திரி படுத்த பிறகும் கையில் அந்த அதிர்வு இருக்கும் என்று பையன்கள் சொல்வார்கள். பிறகு பிரைமர், அதன் மேல் பெயிண்ட். இதைச் செய்யாவிட்டால் கப்பல் அரித்துப் போகும். இந்த வேலையைச் செய்யும் டெக் பிரிவுதான், அதாவது மேல்தளப் பிரிவுதான், கப்பலைத் துறையில் கட்டுகிறது, நங்கூரம் போடுகிறது, நடுக்கடலில் இன்னொரு கப்பலிலிருந்து எரிபொருள் வாங்கும்போது கயிறு பிடிக்கிறது.

கப்பலில் முறை போட்டுப் பார்க்கும் பணிக்கு 'வாட்ச்' என்று பெயர். அடுத்த வாரம் அப்பா ஒரே ஒரு வரி அனுப்பினார்: 'இன்னைக்கு உனக்கு எந்த வாட்ச்?' மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: 'ஹெல்ம். ராத்திரி 2 டு 7.' ஹெல்ம் என்றால் என்ன என்று அவர் எனக்குப் போன் செய்து கேட்டார். சுக்கான் பிடிப்பது என்றேன். அதிகாரி திசையைச் சொல்வார், சக்கரத்தைத் திருப்புவது உங்கள் பையன். அவன் இருந்தது டிஸ்ட்ராயர் ரகப் போர்க்கப்பல். ஒன்பதாயிரம் டன் எடை, உள்ளே முந்நூறு பேர் தூங்கிக்கொண்டோ வேலை செய்துகொண்டோ இருப்பார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "கார் ஓட்டவே அவனை விட மாட்டேன் மேடம்" என்றார்.

அன்றிலிருந்து பேச்சு மெல்லத் திரும்பியது. ரேட் பற்றி மகனே பேச ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் அந்த விஷயத்துக்கே போனோம். ரேட் வாங்க வேண்டுமென்றால் அதில் இடம் இருக்க வேண்டும், ஆஸ்வாப்பில் அந்த ரேட்டுக்கான மதிப்பெண் இருக்க வேண்டும், மேலதிகாரிகளின் பரிந்துரை வேண்டும். மதிப்பெண் போதாவிட்டால் பணியில் இருந்தபடியே தேர்வைத் திரும்ப எழுத வழி உண்டு. கப்பலில் கெரியர் கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பார், அவரைப் பிள்ளைதான் போய்ப் பார்க்க வேண்டும். பிடித்த பிரிவின் சீஃபிடம் பேசி, ஓய்வு நேரத்தில் அங்கே போய் வேலை பழகலாம். இதற்கு நேவியில் 'ஸ்ட்ரைக்' என்று பெயர். வேலைநிறுத்தம் என்று நினைத்து ஒரு அம்மா அழுதே விட்டார். இதற்கெல்லாம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். நீங்கள் கப்பலுக்குப் போன் போட்டுச் சிபாரிசு கேட்டால் பிள்ளைக்குத்தான் தலைகுனிவு. அவன் தேர்வுக்குப் படிக்கக் கணக்குப் புத்தகம் கேட்டால் வாங்கி அனுப்புங்கள். பையனுக்கு இன்னும் ரேட் கிடைக்கவில்லை, தேர்வைத் திரும்ப எழுதப் படித்துக்கொண்டிருக்கிறான்.

எல்லாச் சோர்வும் பெயிண்டால் வருவதில்லை. தூக்கம் போய், பேச்சு நின்று, 'நான் இல்லாட்டியும் ஒண்ணுமில்ல' என்பது போன்ற வார்த்தை வந்தால் அதைக் கடந்து போகாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படையினருக்கான உதவி கிடைக்கும், பெற்றோரும் அழைக்கலாம். கப்பலின் சாப்லினிடம், அதாவது படையின் மதகுருவிடம், அந்தரங்கமாகச் சொல்வது வெளியே போகாது. சாமி கும்பிடும் வழக்கம் இல்லாதவரும் போகலாம், இந்துப் பிள்ளையும் போகலாம். 2018-இல் இதே நார்ஃபோக்கில் இறந்த பிரண்டன் கசெர்ட்டா என்ற இளம் மாலுமியின் பெற்றோர் போராடிக் கொண்டுவந்த பிரண்டன் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லாமலே மேலதிகாரியிடம் மனநலப் பரிசோதனை கேட்கும் உரிமையை அது தருகிறது. இந்தச் சட்டத்தின் பெயரையாவது உங்கள் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஊரில் பாட்டிக்கு முடியாமல் போனால் எப்படித் தகவல் சொல்வது என்பது நம் வீடுகளில் பெரிய கவலை. கடலில் இருக்கும் கப்பலுக்கு வாட்ஸ்அப் போகாத நாட்கள் உண்டு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, 877-272-7337 எண்ணில், எந்த நேரமும் சொல்லலாம். அவர்கள் மருத்துவமனையில் விசாரித்து உறுதி செய்துகொண்டு கப்பலுக்குச் செய்தி அனுப்புவார்கள். விடுப்பு தருவது மேலதிகாரியின் கையில். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, பதவி, கப்பலின் பெயர் கேட்பார்கள். அந்த அம்மா இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மதுரை மருத்துவமனையின் போன் நம்பரையும் சேர்த்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்.