சத்து மாவும் எடைக்கட்டும்: வீட்டில் வாழும் முதியவர்களின் தசை வலிமை

முதியவர் ஒருவரை அவருடைய வீட்டிலேயே முதன்முறையாகப் பரிசோதிக்கும்போது, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது பிசியோதெரபிஸ்டான என் வழக்கம். இதற்கு 15 வினாடிகளுக்கு மேல் ஆனால் தசை வலிமை குறைந்திருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். தசை நலிவு குறித்து ஐரோப்பிய நிபுணர் குழு 2019-இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதலில் இந்த அளவுகோல் இருக்கிறது. ஆனால் கடிகாரம் காட்டுவதைவிட, அவர் எழும் விதமே எனக்கு அதிகம் உணர்த்துகிறது. வலிமை குறைந்தவர் முதலில் உடலை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் அசைத்து விசை சேர்த்துக்கொள்வார். முழங்கால்கள் இரண்டும் உள்நோக்கிச் சாயும். கைகளைக் கட்டச் சொன்னதையும் மறந்து தொடைகளை ஊன்றிக்கொள்வார். உட்காரும்போது பாதி தூரம் வரை மெல்ல இறங்கி, மீதியைத் தாங்க முடியாமல் தொப்பென்று விழுவார். உடலைத் தாங்கியபடி இறக்குவதும் தசையின் வேலைதான் என்பதால், கடைசி ஒரு சாண் தூரத்தில் நிகழும் அந்த வீழ்ச்சியை நான் எப்போதும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

'தினமும் நடக்கத்தானே செய்கிறார்?' என்று குடும்பத்தார் பல நேரம் கேட்கிறார்கள். நடைப்பயிற்சி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மனத்துக்கும் நல்லது. அதை ஒருபோதும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆயினும் வயது ஏற ஏற முதலில் மெலிந்துபோபவை, வேகமாகச் சுருங்கி விரியும் தசை இழைகள். கால் இடறும் கணத்தில் மறுகாலைச் சட்டென்று முன்வைத்து விழாமல் காப்பவையும், தாழ்ந்த இருக்கையிலிருந்து உடலை உந்தி எழுப்புபவையும் அவைதான். சமதளத்தில் நிதானமாக நடக்கும்போது அவற்றுக்குப் பெரிய வேலை இருப்பதில்லை; சற்றே கடினமான சுமை வந்தால்தான் அவை முழுமையாக இயங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைத்ததோடு நிற்காமல், வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சியும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாட்களேனும் சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியும் வேண்டும் என்று தனித்தனியே சொல்வது இதனால்தான்.

அன்பின் பெயரால் வீடுகளில் கொடுக்கப்படும் ஓய்வுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. தண்ணீர்க் குவளையைக் கையில் கொண்டுவந்து கொடுப்பதும், எழ முயலும்போதே தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவதும், காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் பார்த்துக்கொள்வதும் எல்லாம் பரிவினால் செய்யப்படுபவையே. ஆனால் நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து 2007-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசைத் திசு குறைந்திருந்தது. நோயும் பசியின்மையும் உள்ளவர்களுக்கு இழப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

இழந்த வலிமை தொண்ணூறு வயதிலும் திரும்பும். இதை முதலில் தெளிவாகக் காட்டியது, பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நடத்தப்பட்டு 1990-இல் வெளியான சிறிய ஆய்வு; சராசரியாகத் தொண்ணூறு வயதுடையவர்கள் எட்டு வாரம் கடினமான எடைப் பயிற்சி செய்து, தொடைத் தசையின் வலிமையை இரு மடங்குக்கு மேல் உயர்த்திக்கொண்டார்கள். அதே குழுவினர் நூறு பேரைக் கொண்டு நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வையோ, என்னிடம் வரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் விளக்கிச் சொல்கிறேன். பயிற்சி மட்டும், சத்துப் பானம் மட்டும், இரண்டும் சேர்த்து, இரண்டும் இன்றி என நான்கு பிரிவுகள். பத்து வாரங்களுக்குப் பின் பயிற்சி செய்தவர்களின் தசை வலிமை சராசரியாக 113 சதவீதம் கூடியிருந்தது. சத்துப் பானத்தை மட்டும் குடித்தவர்களின் பலவீனமோ குறையவில்லை. மொத்தமாக உட்கொண்ட கலோரி அளவு உண்மையில் கூடியது, பயிற்சியோடு பானமும் பெற்றவர்களிடம் மட்டுமே.

என் அனுபவமும் இதோடு பொருந்துகிறது. உடற்பயிற்சிக்கு ஒருவர் ஒரு தாளும், உணவுக்கு இன்னொருவர் ஒரு தாளும் எழுதிக் கொடுத்தால், எளிதானதை மட்டும் குடும்பம் எடுத்துக்கொள்கிறது. விலை உயர்ந்த சத்து மாவு வாங்கப்படுகிறது, பயிற்சிக்காகக் கணுக்காலில் கட்டிக்கொள்ளும் எடைக்கட்டு வாங்கப்படுவதில்லை. காலை பதினொரு மணிக்கு ஒரு பெரிய கோப்பை நிறையச் சத்துப் பானம் குடித்த மூதாட்டி மதிய உணவைத் தொடாமல் வைத்துவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டையும் ஒரே திட்டமாக, ஒரே தாளில், ஒரே நாள்காட்டியில் எழுதித் தருகிறேன்.

பயிற்சிக்கு நான் பின்பற்றுவது, நியூசிலாந்தில் வீட்டில் வாழும் முதியவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஒடாகோ பயிற்சித் திட்டத்தின் முறை. பயிற்சியாளர் சில முறை மட்டுமே வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்துச் சுமையைத் திருத்துவார். மற்ற நாட்களில் முதியவர் தாமே வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், கணுக்காலில் எடைக்கட்டு கட்டிக்கொண்டும் உறுதியான ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டும் செய்வார். இத்திட்டத்தை ஆராய்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இதன் உயிர்நாடி சுமையைக் கூட்டிக்கொண்டே போவதில்தான் இருக்கிறது. எட்டு முதல் பத்து முறை செய்ததும் தசை களைக்கும் அளவுக்கு எடை இருக்க வேண்டும். பத்துப் பத்தாக இரண்டு சுற்றுகள் எளிதாக வந்துவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். அரைக் கிலோ எடைக்கட்டை ஆறு மாதம் மாற்றாமல் தூக்கிக்கொண்டிருப்பவர் பயிற்சி செய்கிறார் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கருவி வாங்க வழியில்லாதவர்களுக்கு நாற்காலியே போதும்: சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் முதலில் ஒரு கெட்டியான மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டி எழப் பழக வேண்டும், பிறகு மெத்தையை எடுத்துவிட வேண்டும், அதன்பின் உட்காருவதற்கு நான்கு எண்ணும் வரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், தூக்கும்போது வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் தோன்றும் மந்தமான வலி இயல்பானது. மூட்டில் குத்தும் வலியும், நெஞ்சில் இறுக்கமும், தலைச்சுற்றலும் இயல்பானவை அல்ல. அவை வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை மிகவும் குறைத்துவிடக்கூடிய மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது.

உணவில் முதலில் நான் கணக்கிடுவது புரதம். வயது வந்தவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம். ஆனால் முதியவர்களின் தசை புரதத்துக்கு மந்தமாகவே வினையாற்றுவதால், 2013-இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு அவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைத்தது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6 முதல் 7 கிராம், ஒரு சிறு கிண்ணம் வெந்த பருப்பில் சுமார் 9 கிராம் என்று எண்ணத் தொடங்கினால், பலருடைய தட்டு பாதியைக்கூட எட்டவில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். குறை பெரும்பாலும் காலையிலும் இரவிலும்தான். மதியம் ஒரு வேளை ஓரளவு சாப்பிட்டுவிட்டு, மற்ற இரு வேளைகளையும் தேநீரும் ரொட்டியுமாகக் கழிப்பவர்கள் ஏராளம். ஒரே வேளையில் குவிப்பதைவிட, வேளைக்கு 25 கிராம் அளவில் பிரித்துக்கொள்வது தசைக்கு நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் 'பசியில்லை' என்ற ஒரே பதில்தான் வரும். அதோடு விசாரணையை முடித்துவிடக் கூடாது. பல் செட் தளர்ந்து ஈறில் உரசுகிறதா, விழுங்கும்போது இருமல் வருகிறதா, புதிதாகத் தொடங்கிய மாத்திரை வாய்க்கசப்பைத் தருகிறதா, தனியே உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்கவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். முயற்சி ஏதுமின்றி ஆறு மாதத்தில் உடல் எடையில் ஐந்து சதவீதம் குறைந்திருந்தால், உணவுப் பட்டியலை மாற்றுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை தேவை.

காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ இடையில் வந்தால் திட்டம் அநேகமாக அங்கேயே நின்றுவிடுகிறது. 'முழுவதும் தேறிய பிறகு தொடங்கலாம்' என்று தள்ளிப்போடும் வாரங்களில்தான் பலர் நிரந்தரமாகப் படுக்கையோடு தங்கிவிடுகிறார்கள். எனவே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே என்னை அழைக்குமாறு குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவர் அனுமதித்ததும், எடைக்கட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, மெத்தை போட்ட நாற்காலியிலிருந்து வேளைக்கு ஐந்து முறை எழுவது, அதற்குப் பின் அரை மணிக்குள் புரதம் உள்ள ஏதேனும் ஒன்றைச் சிறிதளவு சாப்பிடுவது என்று தொடங்கி, பழைய எடைக்குத் திரும்பும் வரை வாரந்தோறும் வந்து பார்க்கிறேன்.