அஸ்பெரிட்டாஸ்: தலைகீழ்க் கடலுக்குத் தமிழில் என்ன பெயர்?

கடலுக்கு அடியில் மல்லாந்து படுத்து, மேலே அலைக்கழிகிற தண்ணீரைப் பார்த்தால் எப்படி இருக்கும்? மேகங்கள் அப்படித் தெரியும் வானத்துக்குப் பெயர்தான் அஸ்பெரிட்டாஸ். பார்த்ததும் பெரும்புயல் வருகிறது என்று வயிற்றைக் கலக்கும், ஆனால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காமல் கலைந்து போய்விடும்.

லத்தீன் சொல், பொருள் சொரசொரப்பு. முதலில் வைத்த பெயர் இதுவல்ல. மேகம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்காக கேவின் பிரெட்டர்-பின்னி பிரிட்டனில் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார், கிளவுட் அப்ரிசியேஷன் சொசைட்டி என்று. அதன் உறுப்பினர்கள் அனுப்பிய படங்களில் சில, குறிப்பாக 2006இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எடுத்த ஒன்று, ஏற்கெனவே இருந்த எந்த வகையிலும் சரியாகப் பொருந்தவில்லை. காற்று கடலைச் சொரசொரப்பாக்குவதைச் சொல்ல ரோமானியக் கவிஞர்கள் கையாண்ட வினைச்சொல்லை எடுத்து 'அஸ்பெராட்டஸ்' என்று பெயர் வைத்தார். 2017 மார்ச் 23 அன்று உலக வானிலை அமைப்பு தன் மேக அட்லஸில் இதைச் சேர்த்தபோது அது 'அஸ்பெரிட்டாஸ்' ஆகிவிட்டது. காரணம் வெறும் இலக்கணம்தான்! இது தனி மேக இனமல்ல, வேறொரு மேகத்தின் அடிப்பரப்பில் தெரியும் துணை அம்சம். துணை அம்சங்களுக்குப் பெயர்ச்சொல்தான் வைப்பார்கள், அஸ்பெராட்டஸோ பெயரடை. இதைப் 'புதிய மேகம் கண்டுபிடிப்பு' என்று செய்தி போட்டதுதான் வேடிக்கை, பெயர் மட்டும்தானே புதிது.

சரி, தமிழுக்கு வருவோம். 'சொரசொரப்பு முகில்' என்றால் உப்புத்தாள் ஞாபகம்தான் வருகிறது. 'அலைமுகில்' நன்றாக இருக்கிறது, ஆனால் வரிவரியாக ஒழுங்காக ஓடும் உண்டுலாட்டஸ் என்ற மேக வகைக்குத்தான் அது பொருந்தும். அஸ்பெரிட்டாஸில் அந்த ஒழுங்கு கிடையாது. 'கொந்தளிப்பு' என்றால் வராத புயலை வரவழைத்தது போல ஆகிவிடும்.

எனக்குப் பிடித்தது 'திரை'. கடல் அலையும் திரைதான், 'நரை திரை மூப்பு' என்கிறோமே, அந்தத் தோல் சுருக்கமும் திரைதான். லத்தீன் சொல்லில் உள்ள கடல், சொரசொரப்பு இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ஒரே தொல்லை, 'திரைமுகில்' என்றால் சினிமாவோ திரைச்சீலையோ என்று தோன்றும். அதனால் திரைதல் என்ற வினையிலிருந்து 'திரைவு' என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் பெயர்ச்சொல்தான், முகில் என்று ஒட்டவும் தேவையில்லை: படைத்திரள் (ஸ்ட்ராட்டோகுமுலஸ்) மேகத்தில் திரைவு.