பழத்தோட்டத்தில் பிறந்த குட்டிச்சாத்தான்

ஆங்கிலத்தில் குறும்புக்காரப் பிள்ளையை 'இம்ப்' என்பார்கள். அகராதிகள் அதற்குக் குட்டிச்சாத்தான் என்ற பொருளையும் தருகின்றன. ஆனால் இச்சொல் பிறந்த இடம் பழத்தோட்டம்.

பழைய ஆங்கிலத்தில் 'இம்பா' என்பது இளந்தளிரையும், ஒரு மரத்திலிருந்து வெட்டி இன்னொரு மரத்தில் ஒட்டுக்கட்டும் குச்சியையும் குறித்தது. 'உள்ளே பதிக்கப்பட்டது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் ஒன்று இடைக்கால இலத்தீன் வழியாக இங்கிலாந்தை அடைந்து இவ்வடிவம் பெற்றது. அதே வேரிலிருந்து கிளைத்த 'இம்ப்ஃபென்' என்ற ஜெர்மன் சொல், முன்பு ஒட்டுக்கட்டுவதைக் குறித்து, இன்று தடுப்பூசி போடுவதைக் குறிக்கிறது.

நாம் பிள்ளையைக் குலக்கொழுந்து என்பதுபோல, ஆங்கிலேயரும் குடும்பத்தில் துளிர்த்த குழந்தையை 'இம்ப்' என்று அழைக்கத் தொடங்கினர். அப்போது அது உயர்குடிப் பிள்ளைகளுக்குரிய மதிப்பான சொல்லாகவும் இருந்தது. வார்விக் நகரின் புனித மேரி தேவாலயத்தில், 1584-இல் மூன்று வயதளவில் இறந்த லெஸ்டர் பிரபுவின் மகனுடைய கல்லறை இருக்கிறது. அதில் அந்தக் குழந்தையை 'மேன்மைமிக்க இம்ப்' என்றே பொறித்திருக்கிறார்கள். இச்சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழ வைப்பது இந்தக் கல்லெழுத்துதான்.

பொருளைக் கெடுத்தது சேர்க்கை. 'பிசாசின் இம்ப்', 'நரகத்தின் இம்ப்' என்ற வசைத்தொடர்களில் இம்ப் என்பதற்குப் பிள்ளை என்று மட்டுமே பொருள்; தீமை முழுவதும் பக்கத்துச் சொல்லில்தான் இருந்தது. ஆனால் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வழங்கியதால் அத்தீமை இம்பின்மேல் ஒட்டிக்கொள்ள, பிசாசு என்ற சொல்லை விட்டுவிட்ட பிறகும் இம்ப் என்றாலே குட்டிப்பேய் என்றாகிவிட்டது. மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர்; நறுமணத்தையும் குறித்த 'நாற்றம்' நம்மிடையே அடைந்த நிலையும் இதுவே.

இந்தப் பொருள்மாற்றம் உயிர்களோடும் விளையாடியது. சூனியக்காரிகளைத் தேடித் திரிந்த மேத்யூ ஹாப்கின்ஸ் 1647-இல் வெளியிட்ட நூலில், எருதுத் தலையும் வேட்டைநாய் உடலும் கொண்ட 'வினிகர் டாம்' என்ற இம்பைக் கண்டதாக எழுதினார். இத்தகைய இம்புகளை வளர்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்கள் பலர் தூக்கிலிடப்பட்டனர். ஆயினும் அச்சொல் வீட்டுக் குறும்பனைச் செல்லமாக வையும் அளவுக்கு மென்மையடைந்தது.

பழைய பொருளும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. வல்லூறு வளர்ப்போர், பறவையின் முறிந்த சிறகிறகில் வேறோர் இறகைச் செருகி ஒட்டும் பணியை இன்றும் 'இம்பிங்' என்றே அழைக்கிறார்கள்.