ஜெர்ம்பிளாசம்: கிருமியும் இல்லை, விதை மட்டும் இல்லை

"தாவரக் கிருமி பிளாசத்தில் மரபணு வேறுபாட்டை மதிப்பிடுதல்." இந்த மாதிரித் தலைப்பை இன்னும் எத்தனை தடவைதான் படிப்பது? ஆங்கிலத்தில் ஜெர்ம்பிளாசம் (germplasm) என்பதைத்தான் 'கிருமி பிளாசம்' ஆக்கியிருக்கிறார்கள். பயிர் ரகங்களைக் காப்பாற்றுவது பற்றிய கட்டுரை அது. தலைப்பை மட்டும் பார்ப்பவர் ஏதோ செடிகளுக்கு வரும் நோயைப் பற்றியது என்று நினைத்துப் போய்விடுவார்.

அந்த 'ஜெர்ம்' நோய்க்கிருமி இல்லை; லத்தீனில் ஜெர்மென் என்றால் முளை, குருத்து. ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் 1880களில் 'கைம்பிளாஸ்மா' என்று எழுதினார். அந்தக் கைமும் முளைதான். இனப்பெருக்கச் செல்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாக மரபைக் கொண்டுபோகும் பொருள் என்பது அவர் கருத்து. அப்புறம் பயிர் விஞ்ஞானிகள் அதை விரித்து, மரபைச் சுமந்து மறுபடி செடியாக வளரக்கூடிய எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். நம் 'கிருமி' வடமொழியில் புழுவைக் குறித்த சொல். இரண்டுக்கும் ஓசை கொஞ்சம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

இந்தப் பெயர் எவ்வளவு தப்பு என்பதற்கு நெல்லே சாட்சி. 1970 வாக்கில் ஆசியாவில் நெற்பயிரைக் குட்டையாக்கும் ஒரு வைரஸ் நோய் பரவியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் சேகரத்தில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரு காட்டு நெல்லில்தான் எதிர்ப்பு இருந்தது. அதை வைத்து வந்த ஐஆர் 36 என்ற நெல் ரகம் 1976இல் வெளியானது. நோயிலிருந்து பயிரைக் காப்பாற்றிய வளத்துக்குக் கிருமி என்று பெயர் வைத்தால் எப்படி?

ஜெர்ம்பிளாசத்தை 'விதைவளம்' என்பவர்கள் பரவாயில்லை, முளைக்குப் பக்கத்தில் வருகிறார்கள். ஆனால் நாம் சாப்பிடும் வாழைக்கு விதை எங்கே இருக்கிறது? திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் ரகங்களை வயலில் உயிருள்ள மரங்களாகத்தான் வளர்த்து வைத்திருக்கிறது. கரும்பென்றால் கரணை, அதாவது நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டு. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் கரும்பை நாணலோடு இனக்கலப்பு செய்துதான் கோ 205 என்ற கரும்பு ரகத்தை எடுத்தார்கள். ஆற்றங்கரை நாணலும் கரும்பின் வளத்தில் சேர்ந்ததுதான், அதை விதை என்ற சொல்லுக்குள் அடக்கவே முடியாது.

எனக்கு அதிகம் உறுத்துவது 'மரபணு வளம்'. படித்தவர்கள் எழுதுவதால் அது நிலைத்துவிடும் போலிருக்கிறது. மரபணு என்பது ஜீன்; இங்கே காப்பது ஜீனை மட்டும் இல்லை, முழுசாக வளரக்கூடிய உயிருள்ள பொருளை. தவிர, பி.டி. கத்தரிக்காய்ச் சர்ச்சைக்குப் பிறகு மரபணு என்றாலே நம் விவசாயிக்கு மரபணு மாற்றுப் பயிர்தான் ஞாபகம் வருகிறது. "உங்கள் மரபணு வளத்தைக் கொடுங்கள்" என்று கேட்டால் யார் தைரியமாகக் கொடுப்பார்? ஒரு 'அணு'வை எடுத்துவிட்டு 'மரபுவளம்' என்றால் போதும். மரபு என்றால் பாரம்பரியம் என்று குழம்பும் என்பவர்களுக்காக, 'பயிர் மரபுவளம்'. காட்டு நெல், நாட்டு ரகம், நேற்று வெளியான ரகம் எல்லாம் அதில் அடங்கும்.

சரி, அதன் வேறுபாட்டை மதிப்பிடுவது என்றால்? இலை, பூக்கும் நாள், காய், மணி எடை என்று வயலில் ஒவ்வொன்றாகக் குறித்து, பிறகு டி.என்.ஏ. குறியீடுகளால் ஒப்பிட்டு, எது உண்மையிலேயே வேறு, எது ஒன்றே இரண்டு பெயரில் இருக்கிறது என்று பிரிப்பது. தமிழ்நாட்டு ரஸ்தாளியைக் கேரளத்தில் பூவன் என்பார்கள்; நம் பூவன் அங்கே பாளையங்கோடன். பெயரை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பிவிடும். பிரித்த பிறகுதான் எதை அவசியம் காக்க வேண்டும், எதை எதோடு இனக்கலப்பு செய்யலாம் என்று முடிவெடுக்க முடியும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் எனக்குக் கோபமே இதில்தான். 'லேண்ட்ரேஸ்' (landrace) என்பதற்கு எந்தக் கிராமத்திலும் புழங்கும் 'நாட்டு ரகம்' இருக்க, 'நில இனம்' என்று எழுதுகிறார்கள். சேகரத்தில் எண் போட்டுப் பதிந்த ஒவ்வொரு மாதிரியையும் ஆங்கிலத்தில் 'ஆக்செஷன்' (accession) என்பார்கள்; அதை 'அணுகல்' ஆக்கிவிடுகிறார்கள். 'பதிவு மாதிரி' என்றால் யாருக்குப் புரியாமல் போகும்? அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லைப் போடுவதற்கு முன்னால், வேளாண் அலுவலர் ஒருவரிடம் கேட்டிருந்தாலே சரியான சொல் கிடைத்திருக்கும்.